நுரை பொங்கின காபியும் ரெண்டு மாத்திரையும்

எங்க வீட்டுக்காரர் காலமெல்லாம் பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்ற மறுநாளே, ஸ்டியரிங் இல்லாத கையை என்ன பண்றதுன்னு தெரியாம அடுப்படிக்குள்ள வந்து நின்னுட்டார். "இனிமே காலைல எல்லாம் நான் பார்த்துக்கறேன், நீ எழுந்திருக்காதே"ன்னார். நானோ சோபா உறை தைக்கிற கடையில நாளெல்லாம் மிஷின் மிதிக்கிறவ. கரும்பு தின்னக் கூலியா? சரின்னுட்டேன்.

அன்னிலேருந்து விடிஞ்சதும் கட்டிலுக்கே தட்டு வரும். பால் காபி, பக்கத்துல ஒரு கரண்டியில ரெண்டு மாத்திரை. ஒண்ணு தைராய்டுக்கு, இன்னொண்ணு முட்டிவலிக்குக் கொடுத்த கால்சியம். முன்னெல்லாம் தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல தண்ணியோட போட்டுக்குவேன். இவர் விடுவாரா? "வெறும் வயித்துல மருந்து போட்டா குடல் புண்ணாயிடும்"னு அவரே ஒரு சட்டம் போட்டுட்டார். மனுஷன் நுரை பொங்க ஆத்திக்கிட்டு வந்து நிக்கிறப்ப யார் சண்டை போடுவா?

கொஞ்ச மாசத்துல என் முகம் உப்பிப் போச்சு. மிஷின்ல உட்கார்ந்தா கண்ணு சொருகும். வெயில்லயும் குளிரும். ரத்தப் பரிசோதனை பண்ணினா கிரியாட்டினின் ஏறியிருக்கு, கிட்னி சரியா வடிகட்டலைன்னு சொல்லிட்டாங்க. கடைக்கு எதிர்வீட்டுக்காரர் டயாலிசிஸுக்குப் போயிட்டுத் துவண்டு வர்றதைப் பார்த்துக்கிட்டே தைக்கிறவ நான்.

கிட்னி டாக்டரம்மா அறையில கால் வச்சதும் இவர் முந்திக்கிட்டார். "அம்மா, எனக்கும் இவளுக்கும் ஒரே ரத்த வகை. என்னோடதுல ஒண்ணை எடுத்துக்குங்க."

"முதல்ல உட்காருங்க சார்"ன்னு சிரிச்சாங்க அந்தம்மா. என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாங்க, நாடி பிடிச்சாங்க. "தைராய்டு மாத்திரையை எப்படிச் சாப்பிடறீங்க?"

இவர் காபிப் புராணம் முழுக்கப் பெருமையா சொன்னார், நுரை உட்பட.

அந்தம்மா சிரிப்பை நிறுத்திட்டு தைராய்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாங்க. முடிவு வந்தப்ப அது அதலபாதாளத்துல கிடந்தது. "காபியும் கால்சியமும் அந்த மாத்திரையை உடம்புல சேர விடாது. தைராய்டு குறைஞ்சா இதயம் மந்தமா ரத்தத்தைத் தள்ளும், கிட்னிக்குப் போற ரத்தமும் குறையும். வர்றதே கம்மின்னா வடிகட்டறதும் கம்மிதானே? இனிமே வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. காபி ஒரு மணி நேரம் கழிச்சு, கால்சியம் மத்தியானம். பெரும்பாலும் சரியாயிடும். ஆனா மறுபடி பார்த்தாதான் உறுதி."

"அப்ப ஃபில்டர் கெடலை, பம்புதான் தள்ளலை"ன்னார் இவர். அப்புறம் மெதுவா, "பம்பைக் கெடுத்தது நான்"ன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை என் மடியில வச்சுட்டார். "நீயே பார்த்துக்கோம்மா. நான் கை வச்சது விளங்கலை."

எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "ஒரு தடவை பஸ்ஸைக் கொண்டுபோய் சுவத்துல இடிச்சீங்களே, மறுநாள் ஓட்டாமலா இருந்தீங்க?"

"அந்த பஸ்ஸுல நீ இல்லையே"ன்னார்.

டப்பாவை எடுத்து அலமாரியில வச்சுட்டுப் படுத்துட்டேன்.

மறுநாள் விடிஞ்சதும் மாத்திரையையும் தண்ணியையும் கொண்டுபோய் அவர் கையில திணிச்சேன். "நீங்க எடுத்துக் கொடுத்தாதான் போட்டுக்குவேன். இல்லேன்னா இப்படியே கிடக்கறேன்." எடுத்துக் கொடுத்தார். நீங்களாவது காபி போட்டுக் குடிங்கன்னா, "உனக்கு இல்லாதது எனக்கெதுக்கு?"ன்னு என் பக்கத்துலயே உட்கார்ந்து கடிகாரத்தை முறைச்சார். தினம் இதே கூத்துதான். காபி இல்லாத அந்த ஒரு மணி நேரம் அவர் மூஞ்சியைப் பார்க்கணுமே, பாவம்!

மறுபடி ரத்தப் பரிசோதனை பண்ணினப்ப தைராய்டு ஏறியிருந்தது, கிரியாட்டினின் பழைய இடத்துக்கே இறங்கியிருந்தது. "உங்க கிட்னிக்கு ஒண்ணுமில்லை"ன்னாங்க டாக்டரம்மா. வெளிய வந்து பெஞ்சுல உட்கார்ந்த இவர், நாலு பேர் பார்க்கறாங்களேன்னுகூட இல்லாம அழுதார். எனக்கும் தாங்கலை.

மூக்கைச் சிந்திக்கிட்டே, "எதுக்கும் என்னோடது ஒண்ணு உனக்காக இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ"ன்னார்.

"உங்க கிட்னியை நீங்களே வச்சுக்குங்க"ன்னு கையைப் பிடிச்சு எழுப்பினேன். "மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்கு வந்து காபி போடுங்க."