இருபத்தொரு ‘ஆன்’

1

இந்தக் கதை என் கைப்பையின் வார் அறுந்ததால் கிடைத்தது.

இல்லை. அது கௌரவமான தொடக்கம். ஒருத்தி கட்டி வைத்ததை நான் அவிழ்த்துப் போட்டேன். அதிலிருந்து கிடைத்தது.

முன்பு எழுதிப் பார்த்தவை:

‘தாராவியில் மழை பெய்துகொண்டிருந்தது.’ (பெய்யவில்லை.)

‘மாரீஸ்வரிக்கு ஆங்கிலம் ஒரு கனவு.’ (கேட்டால் சிரிப்பாள்.)

‘மாரீஸ்வரி தோல் பை தைக்கிறவள். வயது முப்பத்தாறு.’ இது நிற்கட்டும்.

2

வாரைத் தைத்து வாங்கப் போனபோது அவளுடைய மெஷினுக்கு மேல் ஆணியில் ஒரு மாலை தொங்கியது. கட்டைவிரல் அகலத் தோல் துண்டுகள், இரண்டிரண்டாக நூலால் கட்டியவை. ஒரு துண்டில் ஆங்கில வினைச்சொல். மற்றதில் அதன் பின்னால் வரும் சின்னச் சொல். வெயிட், ஃபார். லிஸன், டு. டிபெண்ட், ஆன்.

தோல் பட்டறையில் ஒரு பைக்கு உரிய துண்டுகளை வெட்டியவுடன் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். எல்லாம் கறுப்புதான். ஆனால் ஒரு தோலின் கறுப்பு இன்னொன்றோடு சேராது. அவள் ஆங்கிலத்தையும் அப்படிக் கட்டியிருந்தாள். ஒவ்வொரு ஜோடியும் ஒரே துண்டிலிருந்து வெட்டியது.

“ஏட்டி, இங்கிலீஷையும் தச்சு வித்துருவ போலுக்கே,” என்றார் இசக்கிதுரை. அவள் கணவர். அடுத்த மெஷின்.

“ஒங்க வாயத் தைக்க நூலு பத்தலைன்னு இதத் தைக்கேன்.”

எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். தோல் ஒட்டும் சொல்யூஷன் வாசம் அவள் நெஞ்சுக்கு இனி ஆகாதாம். பட்டறையை விடச் சொல்லி டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். வாஷியில் ஒரு பல் மருத்துவமனையில் ஃபோன் எடுக்கும் வேலை இருக்கிறது. வியாழக்கிழமை அரை நாள் உட்காரவைத்துப் பார்ப்பார்கள். இந்தி கவலையில்லை. ஆங்கிலத்தில் கூப்பிடுகிறவர்கள்தான்.

3

(இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். போகாமலிருந்தால் எனக்குச் சந்தோஷம்.)

தமிழில் ‘உனக்காகக் காத்திருக்கிறேன்’ என்றால் ‘ஆக’ உன்னோடு ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ஃபார்’ தனியே நிற்கிறது. அதை அழைத்து வந்தது வினை. டிபெண்டுக்கு ஏன் ஆன்? லிஸனுக்கு ஏன் டு? காரணம் தேடினால் அகராதி வழக்கு என்கிறது. பேசுகிறவர்கள் அப்படிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். முப்பது வருடம் கல்லூரியில் அதையே பேசினேன். சேர்த்து வெட்டு, சேர்த்துக் கட்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

4

அடுத்த முறை போனபோது, கதை எழுத வேண்டும், மாலையை இரண்டு நாள் தா என்று கேட்டேன். தந்தாள்.

மாட்டுங்காவில் என் வீட்டு மேசையில் வைத்து எல்லா நூலையும் வெட்டினேன். வினைகளை ஒரு பெட்டியில் அகரவரிசைப்படி அடுக்கினேன். சின்னச் சொற்களை இன்னொரு பெட்டியில். எண்பத்தாறு ஜோடி. சின்னச் சொற்களில் பதினோரு வகைதான். ஆன் மட்டும் இருபத்தொன்று. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நான் செய்தது ஆராய்ச்சி என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

5

செவ்வாய் மாலை வந்தாள். இரண்டு பெட்டியையும் பார்த்தாள். தரையில் உட்கார்ந்தாள்.

“என்னக்கா, இப்படிப் பண்ணிட்டீய.”

“ஆன் எல்லாம் ஒண்ணுதானே. எதை எடுத்து வச்சாலும்…”

“அது எப்படி ஒண்ணாவும்? இது டிபெண்டோட ஆனு. டாக்டரம்மா சொன்னது. இது இன்சிஸ்டோட ஆனு. ரயில்ல லேடீஸ் டப்பாவுல ஒருத்தி போன்ல குர்லாலேர்ந்து மான்குர்டு வரைக்கும் இன்சிஸ்ட் பண்ணிக்கிட்டே வந்தா. பாவம், எதுத்தாப்புல யாரோ.”

(அவள் அழுததாக ஒரு வரி இருந்தது. அவள் அழவில்லை. அடித்துவிட்டேன்.)

துண்டுகளைக் கவிழ்த்துக் கொட்டினாள். எழுத்துப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. பின்பக்கத்தை விரலால் தடவினாள். வெட்டிய ஓரத்தோடு ஓரம் வைத்தாள். சேர்ந்ததும் திருப்பி, சொன்னவரின் குரலில் ஒருமுறை சொல்லிவிட்டுக் கட்டினாள். வங்கிக் காவலாளி. பள்ளிக்கூட மேடம். ரயில் அறிவிப்பு. என் வரவேற்பறையில் மும்பையில் பாதிப் பேர் வந்து போனார்கள். ஒரு ஜோடியில் என் குரலும் இருந்தது. ‘பே, ஃபார்’. வார் தைத்த அன்று சொன்னேனாம். நன்றாகவே செய்தாள். அவ்வளவு அதிகாரமாகவா பேசுகிறேன்?

பன்னிரண்டு ஜோடி மிஞ்சியது. எல்லாம் ஒரே தோல், ஓரமும் நேர்க்கோடு. தடவித் தெரியாது.

“நேரமாவுது. நீங்க கட்டி வைங்க. வியாழக்கிழம வாஷிலேர்ந்து நேரா வந்து வாங்கிக்கிடுதேன்.”

“வேலை கெடச்சுட்டா அப்புறம் எதுக்கு?”

“கெடச்சாத்தான வேணும். போன்ல புதுசு புதுசா வரும்லா.”

6

இன்று வியாழன். முடிவுகள்:

அ. வேலை கிடைத்தது. இசக்கிதுரை பேடா வாங்குகிறார், ஏதோ சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

ஆ. கிடைக்கவில்லை. நாளைக் காலை அவள் சொல்யூஷன் டப்பாவைத் திறக்கிறாள்.

இ. நான் மருத்துவமனையை அழைத்து ஆங்கிலத்தில் பேசுகிறேன். அவள் எடுக்கிறாள். (இதை நிஜமாகவே செய்யப் பார்த்தேன். எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். அவளைச் சோதிக்க நான் யார்.)

மூன்றையும் எழுத எனக்குத் தெரியும். அதனால் எழுதவில்லை.

பதினொன்றைக் கட்டிவிட்டேன். எது எதோடு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒவ்வொன்றையும் யார் சொல்லக் கேட்டேன் என்று யோசித்தேன். ஒருவர் முகமும் வரவில்லை. முடிச்சுகளும் அவள் முடிச்சுபோல் இல்லை.

பன்னிரண்டாவதைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். லிஃப்ட் நின்ற சத்தம். அழைப்பு மணி. என் இரண்டு கையும் நூலில் இருக்கிறது, விட்டால் அவிழ்ந்துவிடும்.

கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். திறந்துவிடுங்கள்.