கிழித்தவர் பொத்த வேண்டும்

ஹொக்கிப் போட்டிகள் இல்லாத மாதங்களில் எங்கள் பள்ளி மைதானம் மழைத்தண்ணீருக்குள் கிடக்கும். அதனால் பின்னேரங்களில் சல்லிக் கிராமத்துக் கடற்கரையிலுள்ள மீன் ஏலக் கொட்டகையின் சீமெந்துத் தரையில் பிள்ளைகளைக் கோலடிக்கப் பழக்கினேன். மீன் நாற்றம் என்று ஒரு தாய் முறைப்பாடு செய்தார். அவருடைய புருஷன் மீன் முதலாளி.

கோலுக்கு வலை தந்தவர் அந்தக் கரையில் மீன்பிடிக்கும் வல்லிபுரம் அண்ணை. பழைய வலை. கிழித்தவர் பொத்த வேண்டும், வலை ஊசியும் நூலும் தான் தருவதாக ஒரு நிபந்தனை வைத்தார். கரையில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தானே என்று தலையாட்டினேன். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வரும் என்று வேறு நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவருடைய மகள் கஜந்தினிக்கு மாகாண அணியில் சேர வேண்டும் என்ற ஒரே ஆசைதான். முதல் கிழமை வலையில் ஓட்டை போட்டவளும் அதைப் பொத்தியவளும் அவள். பிறகு அவள் அடித்த பந்தெல்லாம் கோல் மூலை பார்த்துப் போய், வலையை மெல்லத் தொட்டு நின்றது. "என்ன கட்டுப்பாடு!" என்று எல்லோருக்கும் முன்னால் புகழ்ந்தேன்.

மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் றஹ்மா மிஸ் ஸ்கூட்டரில் வந்து பார்த்தார்.

"மூலைக்குத்தான் போகுது. ஆனா கோல்கீப்பர் தேத்தண்ணி குடிச்சு முடிச்சிட்டு வந்தும் தடுக்கலாம். இந்தப் புள்ளைக்கு அடியில பலம் காணாது" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏனடி, முந்தி அடிச்ச மாதிரி அடிக்க ஏலாதோ?"

"ஏலும் ரீச்சர். கிழிஞ்சா நானெல்லோ பொத்தோணும்? வீட்டிலயும் விடிஞ்சாப் பொழுதுபட்டா வலை பொத்துறதுதான்."

ஓடிப்போய் றஹ்மா மிஸ்ஸின் ஸ்கூட்டரை மறித்தேன். "ஒரு பந்து பார்த்திட்டுப் போங்கோ மிஸ்." கஜந்தினியிடம், "கிழி" என்றேன்.

அடித்தாள். பந்து வலையைக் கிழித்துப் போய், பின்னாலிருந்த வெள்ளை நுரைத்தகட்டு ரெஜிபோம் மீன்பெட்டியை இரண்டாக்கியது.

கஜந்தினி மட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஓரமாக நின்ற தகப்பனிடம் வலை ஊசிக்குக் கையை நீட்டினாள்.

வல்லிபுரம் அண்ணை ஊசியைக் கொடுக்கவில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் தானே குந்தினார்.

"நீ அடி பிள்ளை. நான் பொத்துறன்."

"அண்ணன், கொஞ்சம் அங்கால தள்ளி இருங்க" என்றார் றஹ்மா மிஸ். "இன்னும் பத்துப் பந்து பார்க்கோணும்."