இருபதாம் பக்கத்துக்குப் பிறகு

என் மனைவி பெர்னிஸ் இறந்த அடுத்த வருடம் கிள்ளானிலிருந்து இராஜம்மா ஆன்டி போன் செய்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த பெண்களைப் பற்றியது பெர்னிஸின் முனைவர் பட்ட ஆய்வு. அதற்குப் பேட்டி கொடுத்தவர்களில் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான்.

“லியனார்ட், மக நெட்டுல எடுத்துக் காட்டுனா. இருபதாம் பக்கத்துல ‘இராஜம்மா கூறுகிறார்’னு போட்டிருக்கு. அதோட நிக்குது. நான் என்னதான் கூறினேன்?”

சிரித்துவிட்டேன். “வீட்டுல முழுசா இருக்கு ஆன்டி, கொண்டு வரேன்.”

“எனக்கு மட்டும் குடுத்து என்ன பண்றது? எங்க குவார்ட்டர்ஸ் பிள்ளைங்க செராஸ், செமினின்னு எங்கெங்கயோ இருக்காங்க. அவங்க பார்க்க வேண்டாமா?”

பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தில் முதல் இருபது பக்கங்கள்தான் திறந்திருந்தன; மீதியை மூடி வைக்கச் சொன்னது பெர்னிஸ்தான். ஆய்வைப் புத்தகமாகக் கொண்டுவர நினைத்தாள். நம் ஆட்கள் புத்தகத்தைக் கடையில் வாங்குவதில்லை; வெளியீட்டு விழாவில், மேடையேறி, மாலையோடு வாங்குவார்கள்; முதல் பிரதி டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் யாருக்காவது போகும். நெட்டில் சும்மா கிடைத்தால் எவன் வருவான் என்று கேட்டான் அவள் தம்பி ரோனி. அவளும் பல்கலைக்கழக நூலகத்தில் அப்படியே எழுதிக் கொடுத்தாள். புத்தகம் வருவதற்குள் நோய் முந்திக்கொண்டது.

இப்போது வாரிசு நான். முழுவதையும் திறந்துவிடச் சொல்ல நூலகத்துக்குக் கிளம்பினேன். தடுப்பதற்காகவே ரோனியும் காரில் ஏறிக்கொண்டான்.

“அத்தான், முதல் பிரதி வாங்க டத்தோ ஒத்துக்கிட்டாரு. மண்டபமும் சொல்லியாச்சு. அக்கா பேரு பேப்பர்ல வரும்.”

“புத்தகம் எங்கடா?”

“எடிட் பண்ணணும்.”

“யாரு?”

அதற்குள் நூலகம் வந்துவிட்டது.

நூலக அதிகாரி குமுதா இறப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “யோசிச்சிக்குங்க அங்கிள். எல்லாருக்கும் திறந்துட்டா, டவுன்லோட் பண்ணவங்ககிட்டேருந்து திரும்ப வாங்க முடியாது.”

“யாரும் திருப்பித் தர வேண்டாம்மா.”

“எவனாவது காப்பியடிச்சா?” என்றான் ரோனி.

“அதுக்காவது படிப்பான்ல.”

குமுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தை நகர்த்தினார். ஆய்வாளர் கையெழுத்திட வேண்டிய கோட்டின் மேல் என் கை சற்று நின்றது. பிறகு போட்டேன். மறுநாள் காலை முழு ஆய்வேடும் திறந்துவிடும் என்றார்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். கதவைத் திறக்கும்போது ரோனி சொன்னான்: “விழா இல்லன்னு டத்தோகிட்ட நீங்களே சொல்லிக்குங்க.”

“நம்பர் குடு.”

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். நான் காரில் ஏறாமல், வெயிலில் நின்றபடியே டத்தோவை அழைத்தேன்.