மல்சுன் வீட்டுக் கெண்டை

பச்சை மீனை ஒரு நாளும் வாயில் வைக்காத மல்சுனின் மலத்தில் புழு முட்டை இருந்தது. அதைச் சொல்வதற்காகவே சுகாதார நிலையத்து நர்ஸ் உன்சோல் ஆற்றோரப் பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"டப்பா மாறிப் போயிருக்கும்," என்றாள் மல்சுன். "இந்த ஊர்ல எதுவும் நடக்கும். போன வருஷம் தொக்மான் தன் நாயோடதை எடுத்துக் குடுத்தான்."

"தெரியும்மா. அந்த நாய்க்கும் புழு இருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். மல்சுனின் சிரிப்பு முதலில் நின்றது.

சொம்ஜின் ஆற்றங்கரை ஊர்களில் ஒவ்வொரு குளிர்கால முடிவிலும் சுகாதார நிலையம் வீட்டுக்கு வீடு சின்ன டப்பா கொடுத்துப் பரிசோதிக்கும். ஆற்றுக் கெண்டையைப் பச்சையாகத் தின்பவர்களின் ஈரலில் தங்கும் புழுவுக்கான பரிசோதனை அது. ஆண்கள் அதை வைத்து ஒரு மாதம் கேலி பேசுவார்கள். புழு இருக்கிறது என்று வந்தால் மாத்திரை தருவார்கள். தின்றுவிட்டு மறுபடி தூண்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். மல்சுன் தன் டப்பாவை வீட்டுவரி கட்டுவதைப் போலக் கொடுத்துவந்தாள். அவளுக்குக் கெண்டையின் சேற்று வாடையே ஆகாது.

"மீன் யாரு நறுக்குறா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்."

"கிம்ச்சி எந்தப் பலகையில நறுக்குவீங்க?"

மல்சுன் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். சுவரில் சாய்த்து வைத்த ஜிங்கோ மரப் பலகை, நடுவில் பள்ளம் விழுந்து, அலம்பிய ஈரத்தோடு இருந்தது. வீட்டில் அது ஒன்றுதான். கத்தியும் ஒன்றுதான். மீன் ஆனதும் தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு அதே பலகையில் கிம்ச்சி ஊறுகாய்க்கு முள்ளங்கி நறுக்குவாள்.

"தண்ணி ஊத்திக் கழுவுறேனே."

"பச்சைத் தண்ணிக்கு அது சாகாதும்மா. கண்ணுக்கே தெரியாத குஞ்சு. சோஜு சாராயத்துக்கும் சாகாது, வினிகர் போட்ட மிளகாய் விழுதுக்கும் சாகாது. கொதிக்கணும், இல்ல நல்லா வேகணும். அவ்வளவுதான்." நர்ஸ் மாத்திரையை எடுத்துத் தரையில் வைத்தாள். "இதைச் சாப்பிடுங்க. உங்களுக்குக் கொஞ்சம்தான் இருக்கு, போயிடும். ஆனா மறுபடி மறுபடி வந்தா வேற கதை. பித்தம் வர்ற குழாய்க்குள்ள வருஷக்கணக்கா உக்காந்து உரசி உரசிப் புண்ணாக்கும். மாத்திரை புழுவைத்தான் கொல்லும். உள்ள விழுந்த வடுவை ஒண்ணும் பண்ணாது. அந்த வடுவுலதான் பின்னாடி..."

அவள் முடிக்கவில்லை. மல்சுனின் கணவன் குன்தெக் பித்தக்குழாயில் புற்று வந்து இறந்தது நர்ஸுக்குத் தெரியும். அறையில் அவனுடைய படம் இருந்தது.

நர்ஸ் போன பிறகு மல்சுன் அடியில் சூடேற்றிய தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். குன்தெக்குக்கு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அவளே மாத்திரை வாங்கிவந்து உள்ளங்கையில் வைப்பாள். அவன் விழுங்கிவிட்டு வயிற்றைத் தட்டிக்கொள்வான். "குழாய் கழுவியாச்சு. இனிமே புதுசா ஆரம்பிக்கலாம்." ஊரில் எல்லா ஆண்களும் அப்படித்தான் சொன்னார்கள். மாத்திரை இருக்கும்போது பயம் என்ன என்று அவளும் நினைத்தாள். நல்ல மனைவி மறக்காமல் வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

அவன் போன பிறகும் அவனுடைய கூட்டாளிகள் சந்தை நாள்தோறும் இந்த வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. கெண்டையை அவளைப் போல மெல்லிசாக நறுக்க அந்தக் கரையில் ஆள் இல்லை. மூன்று பேர். தொக்மான் ஆற்றில் சிப்பி வாருகிறவன், வாய் ஓயாதவன். சோல்கு மீன் பிடித்துவருவான். இன்பே உழவு எந்திரம் பழுது பார்ப்பவன், கல்யாணம் ஆகாதவன், சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரிப்பான். மூவருக்கும் அவள் அண்ணி. அவர்கள் குடித்துத் தின்று சண்டை போட்டுப் பாடுவதைச் சமையலறை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டிருப்பாள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் பேசுவது தொலைக்காட்சி ஒன்றுதான். மகன் கியொங்தே உல்சானில் கப்பல் கட்டும் இடத்தில் இருக்கிறான். வாரம் தவறாமல் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, வைத்துவிடுவான்.

பலகையை அன்றே அடுப்பில் போட்டாள். அது லேசில் பற்றவில்லை.

சந்தை நாளன்று மதியம் மூவரும் வந்தார்கள். சோல்குவின் வாளியில் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. வெயில் முற்றத்தில் நன்றாக விழுந்திருந்தது. இன்பே குனிந்து காலணியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது மல்சுன் அவன் கண்ணைப் பார்த்தாள். வெள்ளை விழி பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது. அவன் சட்டைக்கையை மேலே தள்ளி முன்கையைச் சொறிந்தான். ஏற்கனவே சொறிந்த கோடுகள் அங்கே இருந்தன. குன்தெக் கடைசி இலையுதிர் காலத்தில் சீப்பை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டது அவளுக்கு நினைவு வந்தது. தோல் வறட்சி என்று அப்போது எண்ணெய் தடவிவிட்டாள்.

"அண்ணி, கத்தி தீட்டியாச்சா?" என்றான் தொக்மான், மேசையில் உட்காருவதற்கு முன்பே. "இன்னிக்கு மீன் பொண்ணு பாக்க வந்த மாதிரி பளபளன்னு இருக்கு."

"உன்னைப் பாக்க எந்தப் பொண்ணுடா வந்தா," என்றான் சோல்கு.

"வந்தா. உன் மூஞ்சியைப் பாத்துட்டு ஓடிட்டா."

மல்சுன் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவர்கள் சோஜுவைத் திறந்து ஊற்றும் சத்தம் கேட்டது. ஆள் குரல் சுவரில் மோதித் திரும்புவது அந்த வீட்டுக்கே நல்லதாக இருந்தது. புதுப் பலகை வாங்கியிருந்தாள். மீனுக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி என்று வைத்துக்கொண்டால் தனக்கு இனி வராது. அவர்கள் தின்பது அவர்கள் பாடு, வளர்ந்த ஆண்பிள்ளைகள். அந்தக் கணக்கை அவள் சில நாட்களாகவே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீனைச் செதில் உரித்து, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்து, புதுப் பலகையில் கிடத்தினாள். கத்தியை வைத்தாள். எடுத்தாள். பிறகு முழு மீனாகவே பானைக்குள் போட்டு, முள்ளங்கியும் மிளகாய்த்தூளும் சேர்த்து, தீயைக் கூட்டினாள்.

பானையை மேசை நடுவில் கொண்டுவந்து வைத்தபோது தொக்மான் அதற்குள் எட்டிப் பார்த்தான்.

"இது என்ன அண்ணி? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"இனிமே இந்த வீட்ல பச்சை மீன் கிடையாது. எனக்குப் புழு வந்திருக்கு. நான் ஒரு துண்டு தின்னதில்ல."

"அட, அதுக்குத்தான் மாத்திரை இருக்கே! ஒரு நாள் தின்னா தீந்துச்சு. நான் எத்தனை தடவை தின்னிருக்கேன். என்னைப் பாருங்க, எருமை மாதிரி இல்ல?"

"மாதிரி எல்லாம் இல்ல, எருமைதான்," என்றான் சோல்கு.

"உங்க அண்ணனும் தின்னாரு," என்றாள் மல்சுன். "வருஷா வருஷம் நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

அவள் இன்பேயைப் பார்த்தாள். சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். குடிக்க வந்த இடத்தில் சாவைப் பற்றிப் பேசுகிற பெண்ணின் வீட்டுக்கு எவன் வருவான்?

"இன்பே. உன் கண்ணு மஞ்சளா இருக்கு. மூத்திரம் எப்படிப் போகுது?"

"அண்ணி!" என்றான் தொக்மான்.

"பார்லி டீ நிறத்துல போகுதா?"

இன்பே சட்டைக்கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"வேலை அதிகம் அண்ணி. அசதி."

"அவரும் அசதின்னுதான் சொன்னாரு."

"போதும்," என்றான் தொக்மான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "வாரம் பூரா தண்ணிக்குள்ள நின்னு இடுப்பு விட்டுப் போகுது. ஒரு வாய் சந்தோஷமாத் தின்னலாம்னு வந்தா, டாக்டர் வேலை பாக்குறீங்க."

குழம்பில் ஆளுக்குச் சில கரண்டி எடுத்துக்கொண்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சோல்கு மரியாதைக்குச் சொன்னான். வெயில் முற்றத்தை விட்டு இறங்குவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். பாதி சோஜு பாட்டிலிலேயே இருந்தது.

அடுத்த சந்தை நாளில் அவள் அரிசி கூடுதலாகப் போட்டாள். யாரும் வரவில்லை. சோல்குவின் ஸ்ட்ராபெர்ரிக் கூடாரத்தில் கூடுகிறார்கள் என்று சிப்பி விற்க வந்த பெண் சொன்னாள். பிளம் பூக்கள் எதிர்க்கரை முழுக்கப் பூத்திருந்தன. பார்க்க வந்த வெளியூர்க்காரர்களின் கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. மல்சுன் மிஞ்சிய சோற்றை மறுநாளும் அதற்கு மறுநாளும் தின்றாள். மகன் போன் செய்தபோது வழக்கத்தைவிட நீளமாகப் பேசப் பார்த்தாள். அவனுக்கு வேலை நேரம்.

பிறகு ஒரு காலை, முதல் பேருந்துக்கு முன் இன்பேயின் பட்டறை வாசலில் போய் நின்றாள். அவன் கதவைத் திறந்தபோது முகமே மஞ்சளாக இருந்தது.

"கோட்டை மாட்டிக்கிட்டு வா."

"அண்ணி, நாளைக்கு ஒரு டிராக்டர்—"

"டிராக்டர் காத்திருக்கும்."

முதல் பேருந்திலேயே ஜின்ஜு நகரத்துக்குப் போனார்கள். மருத்துவமனையில் கூட வந்தவர் யார் என்று கேட்டார்கள். என்ன உறவு? "அண்ணி," என்றாள் மல்சுன். எந்த அண்ணனின் மனைவி என்று யாரும் கேட்கவில்லை. படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இளம் டாக்டர் திரையைக் காட்டி, பித்தக்குழாய் அடைத்திருக்கிறது, முதலில் பித்தம் வடியக் குழாய் வைக்க வேண்டும், அடைத்திருப்பது என்ன என்று அதன் பிறகுதான் தெரியும் என்றார். இன்பே ஏதோ ஓர் எந்திரத்தின் கோளாறைக் கேட்பவன் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குப் போங்க அண்ணி," என்றான், படுக்கையில் உடை மாற்றிப் படுத்த பிறகு. "கோழிக்குத் தீனி வைக்கணும்ல."

"கோழி வித்து வருஷமாச்சு."

"ஓ," என்றான் இன்பே.

திரும்பும் பேருந்தில் சோல்குவின் கூடாரத்துக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கினாள். நடந்து போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் கூரைக்குள் விளக்கு எரிந்தது. வாசலில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ்கள் கிடந்தன. அவள் தன் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இன்பேயை அட்மிட் பண்ணியிருக்கு," என்றாள். "குழாய் அடைச்சிருக்காம்."

தொக்மான் கோப்பையைக் கீழே வைத்தான். தலையைக் குனிந்துகொண்டான். தட்டில் கெண்டை கோணல் மாணலாக, தடித் துண்டுகளாக வெட்டிக் கிடந்தது.

"மோசமா?" என்று கேட்டான் சோல்கு.

"இன்னும் தெரியாது."

அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சோல்கு அவள் பக்கம் ஒரு பாயை இழுத்துப் போட்டான். அவள் உட்கார்ந்தாள். கூடாரத்துக்குள் மண்ணும் பழமும் கலந்த இதமான சூடு இருந்தது. பக்கத்தில் ஆள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. தொக்மான் அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினான். கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, கத்தியின் பிடியை அவள் பக்கம் திருப்பித் தள்ளினான்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இவன் நறுக்குனா கந்தலாப் போகுது. இன்னும் ரெண்டு மீன் வாளியில இருக்கு. எங்களுக்கு மட்டும். நீங்க வாயில வைக்க வேண்டாம், நறுக்கி மட்டும் குடுங்க. வந்து உக்காருங்க, முன்ன மாதிரி."

அவள் கத்தியைக் கையில் எடுத்தாள். நல்ல கத்திதான். கொஞ்சம் தீட்டினால் போதும். இரண்டு பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுப்பு இருக்கா இங்க?"

"இல்ல அண்ணி," என்றான் சோல்கு.

மல்சுன் கத்தியைத் தட்டுக்குப் பக்கத்தில் திரும்ப வைத்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு மறுபடி பஸ் பிடிச்சு நான் அவனைப் பாக்கப் போறேன். வர்றதுன்னா வாங்க."

வாசலில் இருட்டிவிட்டிருந்தது. காலால் துழாவித்தான் செருப்பைக் கண்டுபிடித்தாள். ஆற்றுக்கரை மேட்டில் நடக்கையில், பின்னால் பேச்சு மறுபடி தொடங்குகிறதா என்று இரண்டு தடவை நின்று கேட்டாள். எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் மட்டும் போய்க்கொண்டிருந்தது.