ஆடு கண்ட கூர்

ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் சாணைக்காரர் ஹம்மாதியின் கத்தி ஆட்டின் கழுத்தில் ஒருபுறம் புகுந்து மறுபுறம் வெளிவந்தது. ஆடு எழுந்து நின்று, உடலை உதறிக்கொண்டு, அருகில் கிடந்த வைக்கோலைத் தின்னத் தொடங்கியது. ஒரு சொட்டு இரத்தமும் தரையில் விழவில்லை. இறைவன் திருப்பெயர் முறைப்படி சொல்லப்பட்டிருந்தது. ஆடு தொழும் திசையான கிப்லாவை நோக்கியே கிடத்தப்பட்டிருந்தது. பிடித்திருந்த கைகள் நடுங்கவில்லை. கத்தி சென்ற வழியில் உரோமம் மட்டும், சீப்பு வாரியதுபோல், இரண்டாக வகிர்ந்திருந்தது. வீடுவீடாகச் சென்று அறுத்துக் கொடுக்கும் கசாப்புக்காரர் பூஷ்தா அந்த நேரத்தில் ஹம்மாதி வீட்டு முற்றத்துக்குள் வந்தார். "என்னப்பா ஹம்மாதி, ஆட்டை அறுக்கிறியா, ஆத்துத் தண்ணியை அறுக்கிறியா? தள்ளு" என்று தம் கத்தியை எடுத்தார். அவர் கத்தியும் அவ்வாறே புகுந்து அவ்வாறே வந்தது. அவர் கத்தியையும் ஆட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நான் அடுத்த வீட்டுக்குப் போறேன்" என்றார். அடுத்த வீட்டிலும் அப்படியே நிகழ்ந்தது. நண்பகல் பாங்கு ஒலித்தபோது செஃப்ரூ நகரின் மொட்டை மாடிகளில் ஆடுகள் எல்லாம் உயிரோடு நின்று வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. ஈரல் சுட மூட்டிய கரியடுப்புகள் சாம்பல் பூத்து அவிந்தன.

ஊர் மதிலுக்குள் ஹம்மாதியின் கை படாத கூர் கிடையாது. பாப் மெர்பா வாயிலை அடுத்த சந்தில் அவர் கடை. செருப்புத் தைப்பவரின் தோல்கத்தி, தையற்காரரின் கத்தரி, நாவிதரின் சவரக்கத்தி, தச்சரின் உளி, செர்ரித் தோட்டக்காரரின் கவாத்துக் கத்தி யாவும் அவர் மடியில் வந்து கிடந்து, கூர் பெற்று, வீடு திரும்பும். முன்பு அவரிடம் மிதிசக்கரம் ஒன்று இருந்தது. அது சுழன்றால் ஆற்றுப் பாலம்வரை கேட்கும். கடல் கடந்து லியோனில் வேலை பார்த்த மைத்துனர் ஒரு கோடை விடுமுறையில் வைரக்கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்த பின் சக்கரம் மூலைக்குப் போயிற்று. கல் என்பது பெயரளவில்தான். அது உள்ளங்கை அகலமுள்ள எஃகுத் தகடு, ஒரு முகத்தில் பருமணியாகவும் மறுமுகத்தில் நுண்மணியாகவும் வைரத்தூள் பதித்தது. எண்ணெய் வேண்டாம், சிறிது தண்ணீர் போதும். பழைய பழக்கத்தில் அழுத்தித் தேய்த்து ஹம்மாதி முதலில் சில கத்திகளைக் கெடுத்தார். வைரத்தை அழுத்தலாகாது, கத்தியின் எடையையே அதன்மேல் நடக்கவிட வேண்டும் என்பதைக் கை பிறகு தானே கண்டுகொண்டது. அலகின் சாய்வு மாறாமல் அடியிலிருந்து நுனிவரை இழுப்பார். மறுபுறம் எழும் பிசிறைக் கட்டைவிரலால் தடவி அறிந்து திருப்புவார். நுண்மணி முகத்தில் அந்தப் பிசிறைக் களைந்து, தோல்வாரில் ஒரு வீச்சு வீசி முடிப்பார். ஆற்றுக்கல் கத்தியைத் தேய்த்துத் தானும் தேயும், நடுவில் குழியும். இந்தக் கல் குழியவில்லை. ஓசையும் எழுப்பவில்லை. பட்டுத்துணியை மடிப்பதுபோல் ஓர் அரவம், அவ்வளவே.

நேர்ந்தது அந்த ஓசையின்மையால்தான். அறுக்கும் கத்தியை நன்றாகக் கூராக்க வேண்டும், ஆனால் அறுபடும் உயிரின் கண்முன் அதைக் கூராக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கம் விதித்த கருணை. செஃப்ரூ மக்கள் அந்த விதியைத் தலைமுறை தலைமுறையாகக் காதால் காத்துவந்தவர்கள். பெருநாளுக்கு முன் கடைச்சந்தில் சக்கரம் கிறீச்சிடத் தொடங்கியதும், மாடிகளில் பெண்கள் ஆடுகளை எதிர்மூலைக்கு ஓட்டிச் சென்று, அந்த ஒலி அவற்றின் செவியில் விழாதபடி செம்புத் தட்டுகளைத் தட்டுவார்கள். இப்படியாக, ஒலி எழாமல் தீட்டினால் அது தீட்டுவதே ஆகாது என்ற எண்ணம் ஊரார் மனத்தில் யாரும் சொல்லாமலே படிந்துவிட்டது. இந்தப் பெருநாளன்று தொழுகை முடிந்து திரும்பிய ஹம்மாதி, தம் கத்தியின் விளிம்பு செம்புக் கெண்டியில் இடித்து ஒரு மயிரிழை மடங்கியிருப்பதைக் கண்டார். ஆடு ஏற்கெனவே முற்றத்துக்கு இறக்கப்பட்டிருந்தது. கண்களைச் சுற்றிக் கரிய வளையம் கொண்ட வெள்ளைச் சார்தி இனச் செம்மறி ஆடு. அவர் அங்கியின் பையிலிருந்து கல்லை எடுத்து, ஈர விரலால் நனைத்து, கத்தியை இரண்டொரு முறை அதன்மேல் நடக்கவிட்டார். மை தீட்டியதுபோன்ற அந்தக் கண்கள் அவர் கையைப் பார்த்தன. நிறைசூலியாய்ப் படிக்கட்டில் அமர்ந்திருந்த அவருடைய ஒரே மகள் இத்தோவும் பார்த்தாள். எவருக்கும் அது ஒரு செய்தியாகத் தோன்றவில்லை.

அதன்பின் வந்த நாட்களில் ஊர் வெட்டாமல் வாழக் கற்றது. ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். வெங்காயத்தில் கத்தியை இறக்கினால் அது உள்ளே சென்று வரும். வெங்காயம் குளத்து நீர்போல் மூடிக்கொள்ளும். தையற்காரர்கள் துணியைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். கம்பளம் நெய்யும் பெண்கள் முடிச்சு நூலை அறுக்க இயலாமல் நீளமாகவே தொங்கவிட்டார்கள். ஃபெஸ் நகர வணிகர்கள் அதைப் புதுப்பாணி என்று எண்ணி வாங்கிச் சென்றார்கள். தாடிகள் மார்பைத் தொட்டன. ஃபெஸ்ஸிலிருந்து புதிய கத்திகளைத் தருவித்துப் பார்த்தார்கள். அவை பாப் மெர்பாவின் நிழலைக் கடந்ததும் இங்குள்ளவைபோல் ஆயின. "சோம்பேறி நாவிதனெல்லாம் இப்ப ஞானி மாதிரி உக்காந்திருக்கான்" என்றார் பூஷ்தா. "நான் மட்டும்தான் ஊர் ஆட்டுக்கெல்லாம் மாமன் மாதிரி மொற வச்சுக் கூப்பிட்டுட்டு அலையுறேன்." பள்ளிவாசலின் ஃபகீஹ், மார்க்கச் சட்டம் அறிந்த ஸி தையிபு, வீடுவீடாக விசாரித்து, ஹம்மாதியிடமும் கேட்டார்.

"ஹம்மாதி, ஆட்டுக்கு முன்னாடி கத்தி தீட்டினியா?"

"இல்லீங்க ஸி தையிபு. சக்கரத்தைத் தொட்டே ரெண்டு வருஷம் ஆச்சு."

அவர் பொய் சொல்லவில்லை. தாம் சொன்னதை அப்படியே நம்பினார்.

இத்தோவுக்குப் பேறு நோவு கண்டது. திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்துத் தரித்த முதற் கரு அது. கணவன் ஹத்தூ ஃபெஸ் சாலையில் லாரி ஓட்டுபவன், வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். குழந்தை நலமாகப் பிறந்தது, ஆண் குழந்தை. மருத்துவச்சி லல்லா ரக்கிய்யா தொப்புள்கொடியை நூலால் கட்டிவிட்டு அதில் கத்தரியை வைத்தாள். கத்தரியின் இரு அலகும் ஒன்றையொன்று தொட்டன. கொடி அவற்றுக்கிடையே முழுதாக இருந்தது, உள்ளே துடிப்பும் இருந்தது. கட்டிய நூல் தானே நழுவி விழுந்தது. ஹத்தூ தாயையும் சேயையும் லாரியில் ஏற்றி ஃபெஸ்ஸுக்குக் கொண்டுபோனான். அங்கே மருத்துவரின் கத்தி பஞ்சையும் துணியையும் நேர்த்தியாக வெட்டிற்று, அந்தக் கொடியை வெட்டவில்லை. மருத்துவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தாய்க்கு இறைச்சிச் சாறு கொடுக்கச் சொல்லி அனுப்பினார். ஆனால் சாறு போதவில்லை. குழந்தை முலையை நாடவே இல்லை. கருவில் இருந்ததுபோலவே கொடிவழி உண்டு கொழுத்தது. இத்தோ தேய்பிறைபோல் தேய்ந்தாள். கன்னம் ஒட்டியது; நகம் வெளுத்தது; கையிலிருந்து வளையல் தானாகக் கழன்று விழுந்தது. அடுத்த பிறையை அவள் காண மாட்டாள் என்று லல்லா ரக்கிய்யா வெளியே வந்து சொன்னாள். ஹம்மாதி கடைக்கு ஓடி, இருப்பதிலேயே மெல்லிய அலகை எடுத்து, வைரத்தின் நுண்மணி முகத்தில் தீட்டினார்; வேறு நாளாயின் விழும் மயிரை அந்தரத்தில் பிளந்திருக்கும் கூர் அது. மகளருகே வந்து மண்டியிட்டு அதைக் கொடியில் வைத்தார். மயிரைப் பிளக்க வல்ல அந்தக் கூர் கொடியினூடே நிழல்போல் கடந்தது.

"வாப்பா, விடுங்க" என்றாள் இத்தோ. "எத்தனை தீட்டினாலும் வெட்டாது. அன்னிக்கு ஆடு பாத்துச்சு."

"எதை?"

"முத்தத்துல வச்சுக் கல்லுல தீட்டினீங்கல்ல? அது உங்க கையைத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. நானும் பாத்தேன்."

"சத்தமே வரலையேம்மா."

ஹம்மாதி எழுந்து, தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்குவதையும் அறியாமல், பள்ளிவாசலுக்குச் சென்றார். நடந்ததைக் கேட்ட ஸி தையிபு தாடியைத் தடவினார். "ஆட்டுக்குக் காது மட்டுமா குடுத்தான் படைச்சவன்? கண்ணும் குடுத்தான்ல. எந்தக் கண்ணு முன்னாடி கூராக்கினியோ, அதே கண்ணு முன்னாடி மழுக்கிடு. உன் கை தீட்டின அத்தனையும். ஒண்ணு விடாம. அப்புறம் அவன் நாட்டம்" என்றார்.

ஊர் இதைக் கேட்டுத் தயங்கியது. வெட்டாத கத்தியானாலும் கூர் மிச்சம் இருந்தால் என்றாவது வெட்டும் என்னும் நம்பிக்கையில் எல்லாரும் அவற்றை எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். மழுக்குவது என்பது அந்த நம்பிக்கையையும் கைவிடுவது. முதலில் வந்தவர் பூஷ்தாதான். கசாப்புக் கத்திகள் அத்தனையையும் கூடையோடு முற்றத்தில் வைத்தார். "இந்தா. இத வச்சு நான் ஈ ஓட்டிக்கிட்டிருக்கேன், அதுக்கு மழுங்கலே போதும்" என்றார், பிறகு குரல் தாழ்ந்து, "புள்ள பொழைச்சா சரி" என்றார். அவர் பின்னால் தெருவே வந்தது. ஹம்மாதி ஆட்டின் எதிரே அமர்ந்தார். பருமணி முகத்தை மேலாக வைத்து, கத்தியைச் சாய்க்காமல் செங்குத்தாக நிறுத்தி இழுத்தார். தம் கை வாழ்நாளெல்லாம் எதைச் செய்யாமல் காத்ததோ அதையே அது செய்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அவருடைய பல் கூசியது. அவர் முன்னைய ஆண்டுகளில் தீட்டிய சவரக்கத்திகளை அவற்றின் முதுகைப் பார்த்தே அறிவார். இது இன்னாருடைய மணநாளுக்குத் தீட்டியது, இது இன்னார் மகனின் விருத்தசேதனத்துக்கு என்று வாய்க்குள் சொல்லியபடி அவற்றின் கூரை அழித்தார். ஆடு அசைபோட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் பார்த்தது. ஒருநாளில் முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை. கல் தேயாததால் அவருடைய விரல்களே தேய்ந்தன. நகங்களுக்கடியில் இரத்தம் கசிந்தது. எல்லாம் முடிந்து, தம் சொந்தக் கத்தியையும் மழுக்கி, அதன் விளிம்பைத் தம் நாவில் வைத்து இழுத்து ஆட்டுக்குக் காட்டினார். நாவில் கீறல் இல்லை. ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டு, முழங்கால் மடித்துப் படுத்து, உறங்கியது. அந்நேரமே, இரண்டு சந்து தள்ளி இருந்த வீட்டில், குழந்தை வாயைத் திறந்து முலையைத் தேடியது.

இத்தோ மெல்லத் தேறினாள். வாற்கோதுமைக் கஞ்சி குடித்தாள், பிறகு ரொட்டியும் ஒலிவக் காயும் தின்றாள், பிறகு எழுந்து நடந்தாள். ஊர்க் கத்திகள் மீண்டும் கடைக்கு வந்தன; ஹம்மாதி இம்முறை சன்னலில்லாத உள்ளறையில், திரையிட்டு, ஆடு மாடியில் இருக்கிறதா என்று பார்த்துவரச் சொல்லி, அதன்பின் தீட்டினார். அவை வெட்டின. செஃப்ரூவில் அன்று எல்லா வீடுகளிலும் வெங்காயம் நறுக்கி எல்லாரும் அழுதார்கள். கொடியும் இனி வெட்டுப்படும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஹம்மாதி சிறிய அலகு ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். லல்லா ரக்கிய்யா வெந்நீரோடு காத்திருந்தாள். ஹத்தூ கதவருகே நின்றான்.

இத்தோ மடியில் குழந்தை விழித்திருந்தது. சுஹைர் என்று அதற்குப் பெயர் இட்டிருந்தார்கள். துணியை அவிழ்த்ததும் அலகில் சன்னலொளி பட்டு மின்னியது. குழந்தை அழுகை இன்றி, அசைவின்றி, அதைப் பார்த்தது.

"அவன் பாக்கிறான் வாப்பா."

"கண்ணைக் கையால மூடிக்க மவளே. ஒரு நொடி."

"மூடினா தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அன்னிக்கும் சத்தம் வரலைன்னுதான் சொன்னீங்க."

லல்லா ரக்கிய்யா சினந்தாள். "ஏண்டி, ஊர்ல எல்லாப் புள்ளைக்கும் வெட்டித்தானே விடுறோம்? இப்படியே கட்டிப் போட்டுக்கிட்டுத் திரியப் போறியா?"

"மத்தப் புள்ளைங்க பாக்கலையே, லல்லா. இவன் பாத்துட்டான். இனிமே இவனுக்கா வேணும்னா இவன் கேக்கட்டும்."

"மாமா, நீங்க சொல்லுங்க" என்றான் ஹத்தூ. ஹம்மாதி மகளின் முகத்தைப் பார்த்தார், தேறிய கன்னத்தைப் பார்த்தார், குழந்தையின் கண்களைப் பார்த்தார். அலகைத் துணியில் சுற்றி, அங்கியின் உட்பையில் வைத்தார். "தண்ணி ஆறுது. அதுல தேத்தண்ணி போடுங்க" என்றார். அவர்கள் புதினாத் தேநீர் குடித்தார்கள்.

சுஹைர் வளர வளரக் கொடியும் நீண்டது. அவன் தவழ்ந்தபோது முற்றத்தளவு இருந்தது. ஓடியபோது தெருவளவு ஆயிற்று. பள்ளிக்கூடம் சென்ற நாட்களில் அது வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, அப்பக்கடையைச் சுற்றி, பாலத்தின் கைப்பிடியோரமாகச் சென்றது. கழுதைக்காரர்கள், வழிவிடு என்னும் பொருளில், "பாலக், பாலக், கொடி" என்று கூவிக் கழுதைகளைக் குளம்பைத் தூக்கிக் கடக்கப் பழக்கினார்கள். சிறுவர்கள் அதைத் தாண்டி விளையாடினார்கள். மிதித்தவனை மற்றவர் ஆட்டத்திலிருந்து நீக்கினார்கள். ஆடு முதுமையுற்று, ஒரு பனிக்காலத்தில், தன் சாவாகச் செத்தது. பூஷ்தா அதற்குக் குழி வெட்டினார். ஹம்மாதி நெடுநாள் வாழ்ந்து, கையில் கல்லோடு, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடியே இறைவனடி சேர்ந்தார். சுஹைர் எந்தக் கத்தியையும் கேட்கவில்லை. வயது வந்ததும் ஃபெஸ்ஸில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலைக்கு அமர்ந்தான். பேருந்து ஓட்டுநர்கள் நெடுஞ்சாலையில் கொடி கிடக்கும் ஓரத்தை விட்டு ஓட்டுகிறார்கள். அவன் அங்கே வேலை மிகுதியால் நண்பகல் உணவைத் தள்ளிப்போட்டால், இத்தோ இங்கே பசி தாங்காமல் இரண்டாம் முறை சாப்பிடுகிறாள். அவனுக்கு அங்கே திருமணமாயிற்று. மணப்பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, கொடியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், தங்கள் பெண்ணின் உடல்நலம் பற்றியே பேசிச் சென்றார்கள். இத்தோவின் வீட்டுக் கதவு குளிர்காலத்திலும் முழுதாகச் சாத்தப்படுவதில்லை. இரண்டு விரல் இடைவெளி எப்போதும் உண்டு. காற்று நுழையாதிருக்க அதில் கம்பளித் துணி ஒன்றைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள்.