மங்களம் அக்காவின் மூக்கு

மங்களம் அக்காவின் மூக்கு செத்து எட்டு மாதமாகிறது. ஒரு காய்ச்சலோடு போன வாசனை திரும்பவே இல்லை. நாச்சாரத்தில் எங்கள் எஸென்ஸ் கம்பெனியில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். பிஸ்கட்டுக்கும் கூல்ட்ரிங்ஸுக்கும் வாசனை செய்து விற்கிற இடம் அது. முகர்ந்து பார்த்துத் தரம் சொல்கிற பெரிய வேலையில் இருப்பவருக்கே வாசனை தெரியாது என்றால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. முதலில் நான் முகர்வேன். சரக்கு நன்றாக இருந்தால் என் மூக்குக்கண்ணாடியை மேலே தூக்கிவிடுவேன். கெட்டிருந்தால் சும்மா இருப்பேன். அதைப் பார்த்து அக்கா தீர்ப்புச் சொல்வார்.

முகர்வது நான், பெயர் அவருக்கு. எங்கள் முதலாளி கிருஷ்ணகுமார் அந்த மூக்கை இன்ஷூர் செய்ய வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். பக்கத்தில் நின்று நான் பல்லைக் காட்டவேண்டும். விஷயத்தை அக்கா முதன்முதலில் என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே சொன்னபோது என் வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன்?

போன வாரம் முதலாளி எங்கள் இருவரையும் ஓர் ஒயின் ஆலைக்கு அழைத்துப் போனார். போலாரம் தாண்டி ஒரு மணி நேரம். பாறைக் குன்று ஒன்றின் சரிவில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாள ஆபீசர்களுக்காகக் கட்டியதாம். நுரை பொங்கும் ஒயினுக்குப் பேர்போனது. எல்லோரும் ஷாம்பெயின் என்றுதான் சொல்கிறார்கள், லேபிளில் மட்டும் அப்படிப் போடக்கூடாதாம். அந்த வாசனையில் போதையில்லாத சோடா ஒன்று செய்துதர எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

மேனேஜர் பக்தவத்சலம் சுற்றிக் காட்டினார். குன்றைக் குடைந்து செய்த நிலவறையில் பாட்டில்கள் தலைகீழாகச் சாய்ந்திருந்தன. அடியில் தங்கும் கசடு கழுத்துக்கு இறங்குவதற்காகத் தினமும் ஒவ்வொன்றையும் கையால் கால் சுற்றுத் திருப்புவார்களாம். அக்கா அங்கே நின்று நன்றாக மூச்சை இழுத்து, என்ன வாசனை என்று சொக்கிப்போனார். அங்கே நாறியது வௌவால் எச்சம்.

பிறகு வராந்தாவில் மேஜை போட்டு ஐந்து கிளாஸ் வைத்தார்கள். நான்கு சரியாக இருந்தன. நான் கண்ணாடியைத் தூக்கினேன், அக்கா அழகழகாகப் புகழ்ந்தார். ஐந்தாவதை மூக்கருகே கொண்டுபோனதுமே மழையில் நனைந்து பூசணம் பூத்துப்போன சாக்கு நாற்றம். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் நிதானமாகக் கண்ணாடியைத் தூக்கிவிட்டேன்.

"இதுதான் சார் எல்லாத்துலயும் பெஸ்ட்" என்றார் அக்கா. "அப்ப பறிச்ச பூ மாதிரி இருக்கு."

பக்தவத்சலம் தலையைக் குனிந்துகொண்டார். அது கார்க் கெட்டுப்போன பாட்டிலாம். சுவை பார்க்கப் புதிதாக வருகிறவர்களுக்கு அப்படி ஒன்றைக் கலந்து வைப்பது ஆலையின் வழக்கமாம். முதலாளி அந்தக் கிளாஸை வாங்கி முகர்ந்தார். அவர் மூக்குக்கே தெரிந்தது. அக்காவைக் கண்ணை மூடச் சொன்னார். தன் காலிலிருந்து ஷூவைக் கழற்றி அக்காவின் மூக்குக்கு நேராகப் பிடித்து, இது என்ன என்று கேட்டார்.

அக்கா ஆழ்ந்து முகர்ந்தார். "திராட்சை, சார்."

பரிமாறியவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா கண்ணைத் திறந்து ஷூவைப் பார்த்தார். முதலாளி அதே ஷூவோடு என் பக்கம் திரும்பி, நீயும் இதே ரகம்தானா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தார்.

"அவள நக்கோ சார், வேணாம். அவளுக்கு ஜலதோஷம். பாவம், விட்டுடுங்க."

என் மூக்கும் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். நான் ஏமாற்றியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த நிலையிலும் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார். நான் தலையாட்டியிருந்தால் போதும், அவர் மனதாவது மிஞ்சியிருக்கும்.

"ஜலதோஷம்லாம் இல்ல சார்" என்றேன். "சாக்கு நாத்தம் குடலப் புடுங்குது. அக்கா பெரியவங்க, அவங்க முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்."

நாளையிலிருந்து அக்கா வேலையை நீ பார்த்துக்கொள் என்று முதலாளி அங்கேயே சொல்லிவிட்டார்.

முதலாளி ஆலையிலேயே தங்கிவிட்டார். திரும்பும்போது கம்பெனி காரில் அக்காவும் நானும் மட்டும். போலாரத்தில் அவர் வீட்டு வாசலில் வண்டி நின்றது. இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த எட்டு மாசமும் உன் மூக்காலதான்மா நான் மோந்துக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் எனக்கு வாசனை நிஜமா போச்சு."

எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.