பொட்டு வைத்த டிப்பு

கோபிநாத்துக்குப் பெயர்தான் மேனேஜர். முதலாளி அழகுமலையின் மச்சானாக இருப்பதுதான் அவருடைய உண்மையான வேலை. துபாயில் ஏசி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்த மனுஷன், விராலிமலையில் எங்கள் பட்டறைக்குள் நுழைந்த நாளிலிருந்து விமானத்தையே தான்தான் கண்டுபிடித்த மாதிரி நடப்பார்.

விமான எஞ்சினுக்கான நிக்கல் கலப்பு வளையம் ஒன்று சாம்பிளுக்கு வந்திருந்தது. அதை லேத் மெஷினில் கடைந்து கொடுக்க வேண்டியது நான். அந்த உலோகம் சூட்டை வாங்கிக்கொள்ளாது. அத்தனையும் மெஷினில் மாட்டுகிற சின்ன உளித்துண்டான டிப்பின் முனையில் வந்து உட்காரும். இரும்பில் நாளெல்லாம் உழைக்கிற முனை, இதில் கொஞ்ச நேரத்தில் பல்லிளித்துவிடும். தேய்ந்ததை மாற்றாவிட்டால் வெட்டாது, உரசும். உரசிய இடம் இன்னும் கெட்டியாகும். புது டிப்பு வேண்டுமென்று கோபிநாத்திடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"துபாய்ல நான் பாக்காத இரும்பாம்மா?" என்றார்.

அது இரும்பே இல்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு.

ஆயுத பூஜைக்குப் புது டிப்புப் பெட்டியைச் சாமி முன் வைத்திருந்தார். பொட்டு வைக்கப் போனேன். "மெஷின் பூஜையில பொம்பளை கை படக்கூடாது. அங்கிட்டு நில்லுங்க" என்று விரட்டினார். அவர் வீட்டில் விளக்கேற்றுவதெல்லாம் யாராம்? ஒவ்வொரு முனையிலும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அவரே அப்பி, செல்போனில் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

பூஜை முடிந்து பட்டறை திறந்ததும் முதல் வெட்டு பூஜையில் வைத்த டிப்பில்தான். அது எங்கள் வழக்கம். நான் அதைத் துடைக்கப் போனேன்.

"பொட்டை அழிக்காம மாட்டுங்க. சாமி குத்தமாயிரும்."

இது அவருடைய சொந்தச் சரக்கு. வாக்குவாதம் செய்து அலுத்துப்போய் மாட்டினேன். மெஷின் சத்தம் மாறியது. நிறுத்துவதற்குள் வளையத்தில் பள்ளம் விழுந்துவிட்டது.

சாம்பிளை வாங்கிப் போக ஓசூரிலிருந்து வந்த, ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இன்ஸ்பெக்டர் அன்புமொழியிடம் கோபிநாத் முந்திக்கொண்டார். "இந்த ரம்யா புள்ள மெஷின் வேகத்தைக் கூட்டிருச்சு மேடம். புது டிப்பையே தின்னுருச்சு. இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடுறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை அனுப்பிவிட்டால் இந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மெஷின் வேலை எவன் கொடுப்பான்? பெட்டியை எடுத்து வந்தேன். இன்னும் மாட்டாத டிப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்து மேசையில் வைத்தேன். காய்ந்த சந்தனத்துக்கு அடியில் எல்லா முனையும் தேய்ந்து, குழி விழுந்து கிடந்தது. எடைக்குப் போட ஒதுக்கி வைத்திருந்த பழசு.

"மேடம், புதுசு வாங்கல. காலிப் பொட்டிய சாமி முன்னாடி வச்சா தரித்திரம்ல, அதான் பழச..." என்று வாயை விட்டார் கோபிநாத்.

பக்கத்தில் நின்ற முதலாளிக்கு மச்சான் மானம் பெரிசு. "பூஜை வேலையெல்லாம் ரம்யாதான் பாத்துச்சு, தெரியாம..." என்று ஆரம்பித்தார்.

"நான் தொடவே இல்லைங்க மேடம். பொம்பளை கை படக்கூடாதுன்னுட்டாரு. இவரு பொட்டு வச்ச போட்டோ இவரு போன்லயே இருக்கு."

கோபிநாத் போனைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

அன்புமொழி ஒரு டிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னொரு வளையம், கூடவே புது டிப்பு, ரெண்டும் நானே அனுப்புறேன். யார் ஓட்டுவாங்க?"

"ரம்யாதான்" என்றார் முதலாளி, மென்று விழுங்கி.

நான் மெஷினைத் துடைக்கப் போனேன். கோபிநாத் வழியிலேயே நின்றார்.

"சார், அங்கிட்டு நில்லுங்க" என்றேன்.